ஆலிஸ் கோல்ட்ரேன்: டெட்ராய்ட்டிலிருந்து செட்டிபாளையம் வழியாக

இசைத்தட்டு சிபாரிசு செய்வது ஒரு வியாதி. எனக்கு அது முற்றிப்போய்ப் பல வருடங்களாகிறது. ஃப்ரீ ஜாஸ், கிரவுட்ராக், டப், ஆம்பியன்ட், டிரோன், போஸ்ட்-ராக் என்று ரேடியோவில் வராத, கல்யாண வீட்டில் போட முடியாத இசையாகத் தேடிப்பிடித்துக் கேட்பதும், கேட்டதை நாலு பேர் தலையில் கட்டுவதும் என் பொழுதுபோக்கு. எடிசனில் வாரக்கடைசி விருந்துகளில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். யாராவது குறைபட்டுக்கொண்டால் ஊர்த் தண்ணீர் அப்படி என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த ஊருக்குப் பெயர் தந்த தாமஸ் ஆல்வா எடிசன், ஒலியைப் பதிந்து வைக்கும் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தது இங்கே மென்லோ பார்க்கில்தானே, 1877இல்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லி வருகிறேன்: ஆலிஸ் கோல்ட்ரேன். காரணம் இரண்டு. மேலே சொன்ன வகைகளில் பலவற்றுக்கு அவர் வீட்டு வழியாக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது. அவருடைய மிகப் புகழ்பெற்ற ஆல்பத்தின் அட்டையிலோ கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் பெயர் இருக்கிறது. நம்மவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைக்காது. இந்த அம்மையாரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு கேட்டால் அதே ஆல்பங்கள் வேறு மாதிரி ஒலிக்கின்றன. அதனால் இந்த முறை பட்டியலைக் கதையாகவே சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டிய ஆல்பங்கள் அந்தந்த இடத்தில் வரும்.

ஆலிஸ் மெக்லவுட் 1937 ஆகஸ்ட் 27ஆம் தேதி டெட்ராய்ட்டில் பிறந்தார். கார்த் தொழிற்சாலைகளில் வேலை தேடித் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்து குடியேறிய நகரம் அது. வரும்போது அவர்கள் தங்கள் தேவாலயங்களையும் அந்தத் தேவாலயங்களின் பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆலிஸின் அம்மா தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவர். சிறுமி ஆலிஸ் பியானோ கற்றுக்கொண்டு, பதின்வயதிலேயே மவுண்ட் ஆலிவ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். அண்ணன் முறையான எர்னி ஃபாரோ ஜாஸ் உலகில் பாஸ் வாசிப்பவர். தங்கை மரிலின் பின்னாளில் மோடவுன் நிறுவனத்தின் பாடலாசிரியர். 1976இல் டயானா ராஸ் பாடிப் பெரிய ஹிட்டான 'லவ் ஹேங்ஓவர்' பாட்டை எழுதிய இருவரில் ஒருவர். நம்மூர்ப் பக்கம் சொல்வது போல, இசை வேளாளர் வீடு மாதிரி ஒரு வீடு.

பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்துகொண்டால் பின்னால் வருவது எளிதில் புரியும். போதகர் பேசும்போது ஆர்கன் அடியில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு சூடேறினால் அதுவும் ஏற வேண்டும். யாரோ ஒருவர் எழுந்து அழுதுகொண்டே பாட ஆரம்பித்தால், அவர் பிடித்த சுருதியைக் கண்டுபிடித்து அங்கே போய்ச் சேர வேண்டும். கையில் நொட்டேஷன் இருக்காது. கூட்டம் போகும் இடத்துக்கெல்லாம் போக வேண்டும். ஆலிஸின் ஆயுள் முழுக்கத் துணைக்கு வந்தது இந்தப் பயிற்சிதான்.

ஜாஸ் பியானோவைத் தீவிரமாகப் படிக்க 1960ஐ ஒட்டிப் பாரிஸுக்குப் போனார். பெபாப் பியானோவின் பிதாமகரான பட் பவல் அப்போது அங்கே வசித்தார். அவரிடம் கற்றுக்கொண்டார். கென்னி ஹேகுட் என்ற பாடகரைத் திருமணம் செய்து ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். அந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை. குழந்தையோடு டெட்ராய்ட் திரும்பி மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். வைப்ரஃபோன் கலைஞர் டெரி கிப்ஸின் குழுவில் இடம் கிடைத்தது. அந்தக் குழு யூத மெல்லிசைகளை ஜாஸாக்கி 1963இல் வெளியிட்ட இசைத்தட்டில் பியானோ ஆலிஸ் மெக்லவுட்தான். வேகமான, தெளிவான, விரல் சுத்தமான வாசிப்பு. இவருக்கு வாசிக்கத் தெரியாது என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதே 1963இல், டெரி கிப்ஸ் குழு நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் அரங்கில் வாசித்தபோது அங்கே வாசித்த இன்னொரு குழுவின் தலைவர் ஜான் கோல்ட்ரேன். அப்போதே பெரும் புகழ் பெற்றவர். இருவரும் பழகி, சேர்ந்து வாழ்ந்து, 1965இல் முறைப்படி மணம் செய்துகொண்டார்கள். மூன்று பையன்கள் பிறந்தார்கள். நடுப்பிள்ளைக்கு ரவி என்று பெயர். ஜான் மதித்த சிதார் கலைஞர் ரவிசங்கரின் நினைவாக வைத்தது. லாங் ஐலண்டில் டிக்ஸ் ஹில்ஸ் என்ற இடத்தில் வீடு வாங்கினார்கள். ஜானின் 'எ லவ் சுப்ரீம்' அந்த வீட்டில் உருவாகி, 1964 டிசம்பர் 9ஆம் தேதி நமது நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உள்ள வான் கெல்டர் ஸ்டூடியோவில் பதிவானது. ஜாஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கும் அந்த ஆல்பத்தின் பெயராவது தெரிந்திருக்கும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஜானின் இசை மேலும் மேலும் கட்டுப்பாடுகளை உதறிக்கொண்டே போனது. அவரோடு பல ஆண்டுகள் பியானோ வாசித்த மெக்காய் டைனர் 1965 இறுதியில் விலகினார். டிரம்ஸ் வாசித்த எல்வின் ஜோன்ஸும் அடுத்து விலகினார். பியானோ நாற்காலியில் ஆலிஸ் உட்கார்ந்தார். உலகின் தலைசிறந்த ஜாஸ் குழு உடைந்த வேளையில் தலைவரின் மனைவி உள்ளே வந்தால் ஊர் என்ன பேசும்? அதையேதான் பேசியது. பீட்டில்ஸ் பிரிந்தபோது யோகோ ஓனோவின் தலையில் விழுந்த பழி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆலிஸின் தலையில் விழுந்திருந்தது. உண்மையில் ஜான் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த திசை அது. அங்கே கூட வரக்கூடிய ஒருவரை அவர் தேடிக்கொண்டார்.

முதல் சிபாரிசு இந்தக் காலத்திலிருந்து: 'ஸ்டெல்லர் ரீஜன்ஸ்'. 1967 பிப்ரவரி 15ஆம் தேதி, அதே எங்கிள்வுட் கிளிஃப்ஸ் ஸ்டூடியோவில் பதிவானது. ஒலிநாடா வெளிவராமல் கிடந்து, 1994இல் ஆலிஸின் கண்ணில் பட்டு, அவரே பாட்டுகளுக்குப் பெயர் வைத்து 1995இல் வெளியானது. டைனர் பியானோவில் தூண் தூணாக நட்டுவைப்பார். ஆலிஸ் அப்படிச் செய்வதில்லை. விரல்கள் கீழிருந்து மேலாக அலையலையாய் ஓடுகின்றன. சாக்ஸஃபோன் அதன்மேல் மிதக்கிறது. காதுக்குப் பழக நாலைந்து முறை கேட்க வேண்டும். தைரியசாலிகள் 1966 ஜப்பான் பயணத்தின் நேரடிப் பதிவையும் கேட்கலாம். 'மை ஃபேவரிட் திங்ஸ்' அதில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடுகிறது. காரில் மனைவி மக்கள் இருக்கும்போது வேண்டாம்.

1967 ஜூலை 17ஆம் தேதி ஜான் கோல்ட்ரேன் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 40. ஆலிஸுக்கு அப்போது முப்பதுகூட நிறையவில்லை. கையில் நான்கு குழந்தைகள். கடைசிப் பையன் கைக்குழந்தை. இறப்பதற்கு முன் ஜான் ஒரு பெரிய ஹார்ப்புக்குச் சொல்லி வைத்திருந்தார். அவர் போன பிறகுதான் அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்கிறார்கள். ஹார்ப் நமது பழைய யாழின் தூரத்து உறவு. யாழைப் போலவே சாதாரணப் புழக்கத்திலிருந்து விலகி, மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவின் ஓரத்தில் அழகுக்கு நிறுத்தப்பட்ட வாத்தியம். ஜாஸில் அதை வாசித்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் முக்கியமானவரான டாரதி ஆஷ்பியும் டெட்ராய்ட்காரர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. அவருடைய 'ஆஃப்ரோ-ஹார்ப்பிங்' (1968) ஆல்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல துள்ளலான இசை.

அடுத்து வந்த மாதங்களில் ஆலிஸ் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, உடல் கரைந்தது. தியானத்தில் காட்சிகள் கண்டார். இதைத் தவம் என்று அவர் பின்னாளில் எழுதினார். துக்கம் மனிதரை என்னவெல்லாம் செய்யும் என்று அறிந்தவர்கள் வேறு பெயர் வைக்கலாம். எந்தப் பெயர் வைத்தாலும், அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதிவு செய்ததுதான் 'எ மொனாஸ்டிக் ட்ரையோ' (1968), அவர் பெயரில் வந்த முதல் தனி ஆல்பம். கோல்ட்ரேனின் குழுவில் இருந்தவர்களே கூட வாசித்தார்கள். ஒரு பக்கத்தில் பியானோ. தேவாலய வாசனை அடிக்கும். மறுபக்கத்தில் ஹார்ப். நரம்பை ஒவ்வொன்றாக மீட்டிச் சுரம் சொல்வதில்லை. தண்ணீரில் கை அளைவது போல மொத்த நரம்புகளையும் வருடிக்கொண்டே போகிறார். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாது. 1970இல் வந்த 'டா, தி எல் தாவுத்' இன்னும் பக்குவப்பட்டது. ஃபரோவா சாண்டர்ஸ், ஜோ ஹெண்டர்சன் என்று இரண்டு சாக்ஸஃபோன் மேதைகள். அதில் ராமகிருஷ்ணரின் பெயரைத் தாங்கிய ஒரு பியானோ உருப்படி இருக்கிறது. கேட்டால் சுத்தமான ப்ளூஸ். தட்சிணேஸ்வரத்துப் பரமஹம்சருக்கு டெட்ராய்ட்டின் ப்ளூஸைக் காணிக்கையாக வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

இப்போது நம்மூர்க்காரர் வருகிறார். கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த ராமசாமி, ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தரிடம் 1949இல் சந்நியாசம் பெற்றுச் சச்சிதானந்தர் ஆனார். 1950களில் இலங்கையில் பணி செய்தார். 1966இல் நியூயார்க் வந்து தங்கி, யோகா நிலையம் தொடங்கினார். 1969 ஆகஸ்ட் 15ஆம் தேதி வுட்ஸ்டாக் இசை விழாவின் தொடக்கத்தில் மேடையில் உட்கார்ந்து லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு ஆசி சொன்ன காவியுடைத் தாடிக்காரர் இவர்தான். வுட்ஸ்டாக் ஆவணப்படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர் கொங்குத் தமிழர் என்பதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். விஷ்ணு வுட் என்ற பாஸ் கலைஞர் மூலம் ஆலிஸுக்கு அவர் அறிமுகமானார். சடங்கு சம்பிரதாயங்களைவிட மனம் அடங்குவதைப் பற்றியே பேசிய அவரிடம் ஆலிஸுக்கு ஆறுதல் கிடைத்தது.

பெரும்பகுதி 1970 நவம்பரில் டிக்ஸ் ஹில்ஸ் வீட்டில் பதிவாகி 1971இல் வந்தது 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இது. முதல் பாட்டு தம்புராவில் தொடங்குகிறது. வாசித்தவர் துளசி. மேலே செசில் மெக்பீயின் பாஸ் ஒரு சிறிய வரியை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப நடக்கிறது. நாமாவளியில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஊர் மொத்தமும் பாடுவது மாதிரி. பிறகு ஹார்ப் மழையாக இறங்குகிறது. அதன் பிறகுதான் சாண்டர்ஸின் சாக்ஸஃபோன். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதில் ராகம் தேடத் தோன்றும். தேட வேண்டாம். தம்புராவின் சுருதியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அதன்மேல் தன்னுடைய ப்ளூஸைக் கட்டினார். அதே 1970களில் எத்தனையோ ராக் குழுக்கள் சிதாரை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டன. இங்கே தம்புரா அடுப்பு. எல்லாம் அதன்மேல்தான் வேகிறது.

பதிவு முடிந்த அடுத்த மாதமே சச்சிதானந்தரின் குழுவோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பயணம் போனார். திரும்பி வந்து 1971 பிப்ரவரி 21ஆம் தேதி, சுவாமியின் யோகா நிலையத்துக்காக நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த நிதிக் கச்சேரியில் வாசித்தார். இரண்டு சாக்ஸஃபோன், இரண்டு பாஸ், இரண்டு டிரம்ஸ், நடுவில் ஹார்ப்போடும் பியானோவோடும் ஆலிஸ். கூடத் தம்புராவும் ஆர்மோனியமும். முதல் பாதி சச்சிதானந்தம். இரண்டாம் பாதி ஜானின் இரண்டு உருப்படிகள், நெருப்பு. கணவரின் குழுவைக் கெடுத்தவர் என்று பேசியவர்களுக்கு அன்று மேடையிலேயே பதில் கிடைத்துவிட்டது. ஆனால் பதிவு முழுமையாகவும் முறையாகவும் வெளியானது 2024இல். தீர்ப்பு சொன்னவர்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பழி ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜான் விட்டுப்போன பழைய பதிவுகள் சிலவற்றின் மேல் வயலின் கூட்டத்தையும் ஹார்ப்பையும் ஆர்கனையும் சேர்த்து 1972இல் 'இன்ஃபினிட்டி' என்று வெளியிட்டார். கர்ப்பக்கிரகத்துச் சிலைக்கு எண்ணெய்ப் பெயின்ட் அடித்துவிட்டதைப் போல ஜாஸ் விமரிசகர்கள் கொதித்தார்கள். அந்த ஆல்பம் எனக்கும் உவப்பில்லை. அந்த டிரம்ஸும் சாக்ஸஃபோனும் தனியாகப் பேசுவதையே விரும்புவேன். அதே வயலின்களைத் தன் சொந்த இசையில் அவர் வைத்தபோது நடந்ததோ வேறு. 'யூனிவர்சல் கான்ஷியஸ்னஸ்' (1971) கேளுங்கள். வயலின் பகுதிகளை எழுதித் தர ஆர்னெட் கோல்மன் உதவினார். நாலு வயலின்கள் கீச்சிட்டுப் பறக்க, ஆர்கன் இடிக்கிறது. நாய்ஸ் இசையும் ஆம்பியன்ட் இசையும் தனித்தனியே பிரிந்து போவதற்கு முன்னால் ஒரே வீட்டில் இருந்த நாட்கள். அடுத்து வந்த 'வேர்ல்ட் கேலக்ஸி'யில் 'எ லவ் சுப்ரீம்' மறுபடி வருகிறது. நடுவில் சச்சிதானந்தரின் குரல் கேட்கும். ஆங்கிலம்தான், ஆனால் கோயம்புத்தூர் ஆங்கிலம். முதல் முறை ஹெட்ஃபோனில் கேட்டபோது ரயிலில் சிரித்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடையேறி வாழ்த்துரை வழங்குவது போலவே இருந்தது.

1972இல் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். கார்லோஸ் சந்தானாவோடு சேர்ந்து 'இல்யூமினேஷன்ஸ்' (1974) செய்தார். 1975இல் வேதாந்த மையம் ஒன்றைத் தொடங்கினார். காவி உடுத்து, துரியசங்கீதானந்தா என்று பெயர் மாற்றிக்கொண்டார். விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் கடந்த நான்காவது நிலை துரியம். அந்தப் பெயருக்குள் சங்கீதத்தையும் விடாமல் வைத்துக்கொண்டார். வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காகச் செய்தவற்றில் 1977இல் வந்த 'ராதா-கிருஷ்ண நாம சங்கீர்த்தன'த்தை விடாமல் கேட்க வேண்டும். முதல் பக்கம் மாணவர்களோடு பாடும் பஜனை. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, பத்தொன்பது நிமிட ஓம் நமசிவாய. வார்த்தை கிடையாது. ஆலிஸ் ஆர்கன், டிரம்ஸ் மூத்த மகன் ஜான். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். அம்மா ஓடுகிற ஓட்டத்துக்கு அந்தப் பிள்ளை மூச்சு வாங்காமல் பின்னாலேயே ஓடி வருகிறான். 1982இல் அந்த மகன் கார் விபத்தில் இறந்துபோனான். அது தெரிந்த பிறகு அந்தப் பத்தொன்பது நிமிடத்தை என்னால் வேறு வேலை செய்துகொண்டு கேட்க முடிவதில்லை.

1978க்குப் பிறகு பெரிய நிறுவனங்களுக்காகப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டார். உலகம் அவரை ஏறக்குறைய மறந்தது. 1983இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வெளியே அகூரா மலைப்பகுதியில் நிலம் வாங்கி ஆசிரமம் அமைத்தார். சத்ய சாயிபாபாவிடம் பக்தி கொண்டிருந்ததால் பின்னாளில் அது சாயி அனந்தம் ஆசிரமம் ஆனது. அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலிஸ் ஆர்கன் முன் உட்காருவார், மற்றவர்கள் கைதட்டிப் பாடுவார்கள். மவுண்ட் ஆலிவில் பதின்வயதுப் பெண்ணாகச் செய்த அதே வேலை. கடவுளின் பெயர் மட்டும் மாறியிருந்தது.

இந்தப் பாட்டுகளை நான்கு கேசட்டுகளாகச் சொந்தமாக வெளியிட்டார்: 'துரியா சிங்ஸ்' (1982), 'டிவைன் சாங்ஸ்' (1987), 'இன்ஃபினிட் சான்ட்ஸ்' (1990), 'குளோரியஸ் சான்ட்ஸ்' (1995). கடைகளுக்குப் போகாமல் ஆசிரமத்துக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்குமாகக் கைமாறியவை. தலைமறைவு இசை என்று ஒன்று இருந்தால் இதுதான். ஆலிஸ் முதல்முறையாகத் தன் குரலில் தனியாகப் பாடியதும் 'துரியா சிங்ஸ்' கேசட்டில்தான். கனமான, தாழ்ந்த, அவசரமே இல்லாத குரல். கூடவே சிந்தசைசர் விண்கலம் தரையிறங்குவது போல வழுக்கி இறங்கும்.

இந்த இடத்தில்தான் நம்மவர்களோடு எனக்கு வழக்கு. இந்தப் பஜனைகளைப் போட்டுக் காட்டினால் முதலில் வரும் விமரிசனம் உச்சரிப்பு பற்றியது. ஜகதீஸ்வரன் என்கிற சொல் சரியாக விழவில்லை, ராமனில் றகரம் கேட்கிறது, ராக லட்சணம் எங்கே, இத்யாதி. எடிசனில் சனிக்கிழமை மாலைகளில் யார் வீட்டு பேஸ்மென்ட்டிலாவது நடக்கும் பஜனைகளிலும் இதே முகச்சுளிப்பைப் பார்க்கிறேன். இங்கே பிறந்த பிள்ளைகள் விட்டலனை அவர்களுக்கு வருகிற நாக்கில் கூப்பிடுகிறார்கள். பெரியவர்கள் திருத்துகிறார்கள். பிள்ளை அடுத்த வாரம் வர மாட்டேன் என்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நமது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பஜனை சம்பிரதாயம் எங்கிருந்து வந்தது? மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்த பத்ததியில் மராட்டி அபங்கம் இருக்கிறது, ஜெயதேவரின் சமஸ்கிருத அஷ்டபதி இருக்கிறது, பத்ராசல ராமதாசரின் தெலுங்கு இருக்கிறது, புரந்தரதாசரின் கன்னடம் இருக்கிறது. காவிரிக்கரைக்காரர்கள் அந்த மராட்டியை புனேக்காரர் ஒப்புக்கொள்ளும்படியா உச்சரித்தார்கள்? அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. தங்கள் நாக்குக்கும் தங்கள் தாளத்துக்கும் வசப்படுத்திக்கொண்டதால்தான் அது கும்பகோணத்தின் சொத்தாக ஆனது. ஆலிஸும் அதையே செய்தார். நம்மைப் போலப் பாட முயன்றிருந்தால் அது ஒரு நல்ல மாணவியின் பயிற்சியாக நின்றிருக்கும். தான் வளர்ந்த தேவாலயத்தின் கைதட்டலை, அழுகையை, ஆர்கனை மொத்தமாகக் கொண்டுவந்து ராமநாமத்தின் முன்னால் வைத்ததால் அது அவருடைய பஜனை ஆகிவிட்டது. பேஸ்மென்ட்டில் பாடும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு நாள் வரும் என்று நம்ப விரும்புகிறேன். அதுவரை திருத்தாமல் இருக்க நமக்குப் பொறுமை வேண்டும்.

அவர் கதை மலையில் முடியவில்லை. சாக்ஸஃபோன் கலைஞராக வளர்ந்துவிட்ட மகன் ரவி வற்புறுத்தி அம்மாவை மறுபடி ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தார். 'டிரான்ஸ்லீனியர் லைட்' 2004இல் வந்தது. 2006 இலையுதிர் காலத்தில் ஆன் ஆர்பர், நியூவார்க், சான் ஃபிரான்சிஸ்கோ என்று மூன்று ஊர்களில் மேடையேறினார். எங்கள் மெட்ரோபார்க் நிலையத்திலிருந்து நியூவார்க் ரயிலில் சிறிது தூரம்தான். நான் அமெரிக்கா வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் நடந்தது அது. அந்த அரங்கைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு பொறாமை எட்டிப் பார்க்கும். 2007 ஜனவரி 12ஆம் தேதி, 69 வயதில் காலமானார். லாங் ஐலண்டில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதன் பிறகுதான் கேசட்டுகள் பேச ஆரம்பித்தன. 2017இல் லுவாக்கா பாப் நிறுவனம் ஆசிரமப் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. எலெக்ட்ரானிக், ஹிப்-ஹாப், ஆம்பியன்ட் ரசிகர்கள், ஜானின் பெயரைக்கூடச் சரியாகத் தெரியாத இளைஞர்கள், நேராக இவரிடம் வந்தார்கள். தங்கை மரிலினின் பேரன்தான் ஃப்ளையிங் லோட்டஸ் என்ற பெயரில் இயங்கும் எலெக்ட்ரானிக் இசைக் கலைஞர். அவருடைய 'காஸ்மோகிராமா' (2010) ஆல்பத்தில் பாட்டியின் அக்காவுடைய நிழலை ஹார்ப் வரும் இடங்களில் எல்லாம் பார்க்கலாம். ஆசிரமம் 2017இல் மூடப்பட்டது. 2018 நவம்பரில் வூல்சி காட்டுத்தீ கட்டடத்தை எரித்துவிட்டது. 2021இல் ரவி, 'துரியா சிங்ஸ்' பதிவிலிருந்து சிந்தசைசரும் வயலின் ஒலிகளும் இல்லாமல் குரலையும் ஆர்கனையும் மட்டும் வைத்து 'கீர்த்தன்: துரியா சிங்ஸ்' என்று வெளியிட்டார். கட்டடம் போய்விட்டது, பாட்டு இருக்கிறது.

கேட்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', இரவில், முழுதாக. பிடித்தால் 'டா, தி எல் தாவுத்'. காதுக்குத் துணிவு வந்த பிறகு 'யூனிவர்சல் கான்ஷியஸ்னஸ்'. அடுத்து லுவாக்கா பாப் தொகுப்பு; அதன் முதல் பாட்டான 'ஓம் ராமா'வைக் காலை காபியோடு, கொஞ்சம் சத்தமாக. மனசு சரியில்லாத நாளுக்கு 'கீர்த்தன்: துரியா சிங்ஸ்'. ராதா-கிருஷ்ண நாம சங்கீர்த்தனத்தின் இரண்டாம் பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் டிரம்ஸோ மிருதங்கமோ தட்டுகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால், கூட உட்காரவைத்துக் கேளுங்கள்.